கிடைக்குப் போகாத ஆடுகள்

நடந்தது இது.

1. தாமிரபரணி வாய்க்காலோரம் ஓர் ஊரில் பசுக்களுக்குக் காய்ச்சல் கண்டது. மடியிலும் காதிலும் உண்ணி மொய்த்திருந்தது; அந்த ஊரார் அதுவரை பார்க்காத உண்ணி.

2. அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக வருஷந்தோறும் கிடை போட வரும் ராதாபுரத்துச் செம்மறிகள்தான் அதைக் கொண்டுவந்தன என்று ஊரில் பேசி முடித்தார்கள்.

3. இனிக் கிடை வேண்டாம் என்று ராதாபுரத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்.

4. உண்ணி எங்கிருந்து எங்கே போனது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வகம் என்னை அனுப்பியது.

5. உண்ணி சேகரித்த குப்பிகளில் நான் ஊர்ப்பெயரைத் தவறாக எழுதினேன்.

ஐந்தாவது எனக்கு வெகுநாள் தெரியாது. பசுக்களின் உண்ணியும் ராதாபுரத்துப் பட்டியில் எடுத்த உண்ணியும் ஒரே வகை என்று முடிவு வந்தது. ஊரார் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அறிக்கை எழுதுவதற்கு முன் ஆட்டுக்காரரிடமும் அவர் மனைவியிடமும் நேரில் சொல்லிவிடலாம் என்று ராதாபுரம் போனேன்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் கங்கைகொண்டானில் கம்பெனி வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். கிடை இல்லையென்றால் ஆடுகளை விற்றுவிடுவது என்று பேச்சு. நான் சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாள். எந்த ஆட்டில் உண்ணி எடுத்தேன் என்று மட்டும் விசாரித்தாள். பட்டியில் கைக்கு அகப்பட்டதில் என்றேன்.

“அதெல்லாம் கிடைக்குப் போயிட்டு வந்த ஆடுல்லா? நாலு மாசமா அந்த வாய்க்கா ஊருலதான் கிடந்துச்சு. அதுல எடுத்துட்டு ராதாபுரத்து உண்ணிங்கீயளே, அக்கா.”

“படிச்சவங்கள்லா. பட்டி எங்கன இருக்கோ அதான் ஊரு,” என்றார் கணவர். அவள் அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

குப்பிகளில் நான் எழுதியிருந்ததும் ராதாபுரம் என்றுதான். அவள் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே தனி முள்வேலிக்குள் ஏழு ஆடுகள். இரண்டு பிறவியிலேயே நொண்டி. மற்றவை தாய் செத்து, அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவை. அவளைக் காணாவிட்டால் மேயாதவை என்பதால் ஒருநாளும் கிடைக்கு அனுப்பியதில்லை. ஒவ்வொன்றாக மடியில் சாய்த்துக் காதோரத்து மயிரை விலக்கிக் காட்டினாள். நான் இடுக்கியை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பைய எடுங்க. அதுக்கு நோவும்.”

அந்த ஏழில் ஒன்றிலும் பசுக்களின் உண்ணி இல்லை. இருந்தது வேறு வகை. பழைய முடிவுகளையும் திரும்பப் பார்த்தேன். ஓர் உண்ணி முதலில் வந்து பெருகிய இடத்தில் மரபணு வேறுபாடுகள் கூடுதலாக இருக்கும். அங்கிருந்து ஒன்றிரண்டு ஏறிப்போன இடத்தில் குறைவாக இருக்கும். பசுக்களின் உண்ணியில் வேறுபாடுகள் பல. கிடைக்குப் போய்வந்த ஆடுகளின் உண்ணியில் அவற்றுள் ஒன்றே ஒன்று.

வாய்க்காலோர ஊரில் முதலில் என் தவறைச் சொன்னேன், பிறகு முடிவை. பெரிய வயல்காரரான அண்ணாச்சி என் தாளை வாங்கிப் பார்த்தார்.

“அப்ப எங்க மாடுதான் அவங்க ஆட்டுக்குக் குடுத்திருக்குன்னு சொல்லுதியாம்மா?”

இப்போதைக்கு அப்படித்தான் தெரிகிறது என்றேன். ஆட்டுக்காரர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாரா என்று அவர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

இந்த அறுப்புக்குப் பின் அண்ணாச்சியின் வயலில் கிடை உண்டு. அதற்கு முன் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் உண்ணி மருந்து போட வேண்டும். மற்ற வயல்காரர்கள் கிடை பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. ராதாபுரத்தில் ஆடுகளை விற்கவில்லை. வாய்க்காலோர ஊரார் வெளியூர்ச் சந்தைகளில் கறவை மாடு வாங்குகிறார்கள். அந்தச் சந்தைகளின் உண்ணி இன்னும் என் கைக்கு வரவில்லை. ஆகவே பசுக்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாது.