பிரேக் லேது சார்

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் வசதியான குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் சீமைக்குத் திரும்பும்போது, தன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நன்றிக்காக நைனாவிடம் விட்டுப்போன கார் அது. அவருக்கும் அது பழைய காராகத்தான் வந்து சேர்ந்திருந்தது. கறுப்பு நிறம். மழை பெய்தால் வெளியே நிற்பதைவிட உள்ளே அதிகமாக நனையலாம்.

நைனா, என் அப்பா, ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். காரை மெக்கானிக்கிடம் விடும் வழக்கம் அவருக்கில்லை. கணக்கை இன்னொருவன் போட்டு விடையை மட்டும் நாம் வாங்கிக்கொள்வதா என்று கேட்பார். என்ஜினில் ஏதாவது கோளாறு என்றால்கூடச் சில சமயம் விட்டுக்கொடுப்பார். பிரேக்கையும் சக்கரத்தையும் மட்டும் யாரும் தொடக் கூடாது. சனிக்கிழமைகளில் கிழிந்த பனியனோடு ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் சாமான்களையெல்லாம் கிருஷ்ணாயிலில் கழுவிப் பழைய பெட்ஷீட்டில் வரிசையாகப் பரப்பி வைப்பார். அம்மா அந்தப் பெட்ஷீட்டைத் தாண்டிப் போகும்போது புடவையை ஒதுக்கிக்கொண்டு நடப்பாள்.

அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு. பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது நான். ஸீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டால்தான் கால் எட்டும். கீழேயிருந்து நைனாவின் குரல் மட்டும் வரும்: “அமுத்து… புடி… வுடு.” மிதிக்க மிதிக்கப் பஞ்சாக இருந்தது கல்லாக மாறும். அந்தக் கல் என் பாதத்தில் தட்டுப்படும்போது எனக்கு வரும் பெருமை, பரீட்சையில் பாஸானபோதுகூட வந்ததில்லை.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். நைனாவின் ஒரே தம்பி. தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தா. கறுப்புக் கண்ணாடி போடுவார், விசிலடிப்பார், நைனா இல்லாத நேரத்தில் என்னை மடியில் உட்கார வைத்து ஹாரன் அடிக்க விடுவார். அவருக்குத் திருப்பதியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ரிட்டையரான ஹெட்மாஸ்டர். பெண்ணும் டீச்சர். தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்படியிருக்கையில் சித்தப்பா ஒரு நாள் சிநேகிதனைப் பார்க்கப் புத்தூர் போனார். திரும்பி வரும்போது ஏரிக்கரைத் திருப்பத்தில் கார் ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டது. இடது கை முறிந்தது. கை முறிவதற்குப் புத்தூரைவிடத் தோதான ஊர் உலகத்தில் கிடையாது. கட்டுக்குப் பேர்போன அந்த ஊர் வைத்தியர்கள் எலும்பை அங்கேயே சேர்த்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்.

“பிரேக் புடிக்கலண்ணா.”

நைனா அவர் கையைத்தான் பார்த்தார்.

மறுநாள் காரை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூடவே பேச்சும் வந்தது. சித்தப்பா முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காகப் பறந்துகொண்டு வந்தார் என்று ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர்கள் சொன்னார்களாம். குடித்திருந்தார் என்று அதோடு யாரோ ஒட்டுப் போட்டார்கள். அந்தப் பேச்சு எங்கள் காரைவிட வேகமாகத் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வருவதாக ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பினார். எதற்கு வருகிறார் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நைனா நான்கு சக்கரத்தையும் கழற்றினார். முன்சக்கரம் ஒன்று நெளிந்திருந்தது. மற்றபடி உள்ளே எல்லாம் அவர் வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கும் ஆயில் கசியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மூடிவிட்டு என்னை மிதிக்கச் சொன்னார். முதல் மிதியிலேயே கல். சக்கரத்தை மாட்டி, நான் மிதித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையாலும் சுழற்றிப் பார்த்தார். அசையவில்லை. ஒவ்வொரு சக்கரமாக அப்படியே பார்த்தார்.

“நல்லா புடிக்குது நைனா!” என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் சித்தப்பா கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சித்தப்பா உள்ளே போய்விட்டார். நைனா வெகுநேரம் கையைக் கழுவினார்.

ஹெட்மாஸ்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. தமிழும் தெலுங்குமாகப் பேசும் மனுஷன், அன்றைக்குத் தெலுங்கே கலக்காமல் பேசினார்.

“எனக்கு ஒரே பொண்ணு. நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. தம்பி குடிச்சிட்டு ஓட்டினாரா, ரேஸு உட்டாரா, எனக்குத் தெரியணும்.”

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நைனா பேசிவிட்டார்.

“அவன் மேல தப்பில்ல சார். வண்டிக்கு பிரேக் வேல செஞ்சது நானு. காத்து எடுக்காம மூடிட்டேன் போலக்குது. நேத்துதான் பிரிச்சிப் பாத்தேன். மிதி பஞ்சாட்டம் போவுது. அவன் உயிரோட வந்ததே கர்த்தர் கிருப.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. காற்று எடுத்தது நைனா மட்டுமா? மிதித்தவள் யார்?

“பொய்யி! நேத்து நான்தான…”

“காபி ஆறிப் போச்சி பாரு, சூடு பண்ணிக்கினு வரலாம் வா,” என்று அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். சமையலறையில் என் வாயைப் பொத்தியபடியே காபியை அடுப்பில் வைத்தாள்.

ஹெட்மாஸ்டர் போகும்போது காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். வாசலில் நைனாவிடம், “கணக்கு சொல்லித்தர மனுஷன் நீங்க, இந்த ஸ்பானர் வேல எதுக்கு உங்களுக்கு?” என்றார். “அதான் சார்,” என்று நைனா சிரித்தார்.

கல்யாணத் தேதி குறித்தார்கள். ஆனால் எங்கள் மிஷன் காம்பவுண்டில் நைனாவின் பெயர் கெட்டது. அதுவரை சபையார் ஸ்கூட்டர், சைக்கிள், ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். எங்கள் பாதிரியார் ஐயரின் ஜீப்புக்குக்கூட நைனாதான் வைத்தியர். எல்லாம் நின்றுபோயின. கூடப்பிறந்த தம்பியின் கையையே முறித்த மனுஷன் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் ‘பிரேக் லேது சார்’ என்று பேர் வைத்தார்கள். பிரேக் இல்லாத வாத்தியார். கரும்பலகைப் பக்கம் அவர் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து கிறீச்சென்று சத்தம் வரும். அவர் திரும்பிப் பார்க்காமல் கணக்கை முடிப்பார்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். எங்கள் இரண்டு பேரின் வேலையையும் அவர் ஊரார் முன்னால் குப்பையில் போட்டுவிட்டார் என்பது என் வழக்கு. அடுத்த சனிக்கிழமை மிதிக்கக் கூப்பிட்டபோது மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. கொஞ்சநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், கிருஷ்ணாயில் நாற்றத்துக்கே மூக்கைச் சுளிக்கிற அம்மா கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா கட்டில்லாத கையால் நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விசில் இல்லை.

கை கூடியதும் திருப்பதியில் கல்யாணம். நாங்கள் மட்டும் நைனாவின் காரில் போனோம். சொந்தக்காரர்கள் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் போவதற்கு ஹெட்மாஸ்டர் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, கண்ணாடி தெரியாத அளவுக்குப் பூ சுற்றி, சர்ச் வாசலில் நிறுத்தியிருந்தார். எங்கள் கார் தெருக்கோடி வேப்பமரத்தடியில் நின்றது. அங்கேயே நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. நைனாவாகத்தான் நிறுத்தினார்.

மணியடித்தது. சித்தப்பா சித்தியின் கையைப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். அரிசி தூவினார்கள். வாடகைக் காரின் டிரைவர் கதவைத் திறந்து பிடித்தார். சித்தப்பா சித்தியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். இரண்டு பேரும் அந்தப் பூச்சுற்றிய காரைத் தாண்டி, தெருப் புழுதியில் வெள்ளைப் புடவை புரள, வேப்பமரத்தை நோக்கி நடந்தார்கள். கூட்டம் புரியாமல் பின்னாலேயே வந்தது.

“தம்பி, அந்தக் காரா? வேணாம்பா. அதுல பிரேக்கு…” என்று ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார்.

“எங்கண்ணன் வண்டியில பிரேக் எப்பவும் நல்லாதான் மாமா இருந்திச்சி. நான்தான் பஸ்ஸோட போட்டி போட்டுக்கினு வந்து பள்ளத்துல உட்டேன். புடிக்கலன்னு பொய் சொன்னேன்.”

அவர் அதைத் தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஹெட்மாஸ்டர் மருமகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் நைனாவைப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். குடையை மடக்கிக்கொண்டு, முன்கதவைத் தானே திறந்து, நைனாவின் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“போனிவ்வண்டி சார்,” என்றார். கிளப்புங்கள் என்று அர்த்தம். அவர் தெலுங்குக்குத் திரும்பியிருந்தார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் வேலைக்கு ஊரறிய மார்க் கிடைத்துவிட்டது. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டு, “பாத்தியா நைனா! நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா!” என்று முன்ஸீட்டைப் பிடித்துக் குதித்தேன்.

“வாய மூடிக்கினு உக்காரு,” என்றார் நைனா. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் சாவியைப் போட்டார். அது ஓட்டைக்குப் பக்கத்தில் இடித்தது. மறுபடி போட்டார், மறுபடியும் இடித்தது. பக்கத்தில் ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சித்தப்பா கைக்குட்டையை எடுத்தார். காரையே பிரித்து மாட்டுகிற நைனாவுக்கு ஒரு சாவியைப் போடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தமாகச் சிரித்தேன். அந்தக் காரில் அப்போது சிரித்தது நான் ஒருத்திதான்.