உடுப்புத் தோய்க்கும் வியாழனில் ஒரு வானொலி

சுவிஸில் எம்மன்புரூக்கேயின் முதல் தமிழ் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. உடுப்புத் தோய்க்கும் முறை மட்டும் இருந்தது. பகலில் லுசேர்ண் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிய என் சித்தப்பா இன்னாசித்தம்பி, தொண்ணூறாம் ஆண்டில் ஒலிபரப்பியைத் தானே பொருத்தினார். கட்டடத்தின் மேல்மாடத்தில் உடுப்புக் காயப்போடும் கம்பிதான் அன்டெனா. எல்லா வீட்டுக்கும் பொதுவான அந்த அறையின் திறப்பு, முறைப்படி இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன்தான் அவர் கைக்கு வரும். மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்பி அரசின் சட்டத்தை மீறியவர், துவைப்புப் பட்டியலை ஒருநாளும் மீறியதில்லை.

ஒரு வியாழன், வருத்தமாய் ஆஸ்பத்திரியில் கிடந்த கூட்டாளி மரியதாஸைப் பார்க்கப்போன ஒருவர், கட்டில் வெறுமையாகக் கிடக்கிறதென்று வந்து சொன்னார். சித்தப்பா உருக்கமாக மரண அறிவித்தல் வாசித்தார். மறுநாள் டெலிபோன் அடித்தது.

"அண்ணை, மரியதாஸ் கதைக்கிறன். எக்ஸ்ரே எடுக்கப் போனது ஒரு குற்றமே? வீட்டு வாசலில பூவளையம் கிடக்காம்."

"ஐயோ தம்பி, குறை நினையாதை. திருத்தம் வாசிக்கிறன்."

"எப்ப?"

"என்ர முறை வாற வியாழன் இல்லை, அதுக்கு அடுத்தது."

"அதுமட்டும் நான் செத்தவனோ?" மரியதாஸ் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

கீழ்வீட்டு வெள்ளைக்காரியிடம் முறை மாற்றிக் கேட்டிருக்கலாம். என்ன காரணம் சொல்வதென்று யோசித்தே சித்தப்பா நாளைக் கடத்தினார். முறைக்கு முதல்நாள், புதன்கிழமை, மரியதாஸ் உண்மையாகவே இறந்தார்.

வியாழன் ஆறு மணிக்குச் சித்தப்பா ஈரச் சட்டைகளின் கீழே திருத்தம் எழுதிய தாளோடு நின்றார். திருத்த ஒன்றுமில்லை, பதின்மூன்று நாள் முந்திச் சொன்ன செய்தி சரியாகிவிட்டிருந்தது. இந்தச் சாதனையை எந்தப் பெரிய வானொலியும் எட்டியதில்லை. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு ஒலிபரப்பி இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு ஒலிபரப்பவேயில்லை. முப்பது வருடத்துக்கு மேல், தோய்க்கும் வியாழன் ஆறு மணிக்கு டெலிபோன் அடித்தால், மரியதாஸ் திருத்தம் கேட்கிறாரோ என்று எடுக்கமாட்டார்.

போன மாதம் சித்தப்பாவும் போனார். இணைய வானொலிக்கு நான் எழுதிய அறிவித்தலைப் பெர்னடெற் சித்தி பிடுங்கிக்கொண்டார்.

"இப்ப அனுப்பாதை ராசா. எங்கட முறை வரட்டும்."

"சித்தி, அவரைத் தாட்டுப்போட்டெல்லோ வந்தனாங்கள்!"

"ஓம். மரியதாஸுக்கும் பூவளையம் வைச்சவைதானே."

பொறுத்திருந்தோம். அந்த வியாழன் அவருடைய சட்டைகளைத் தோய்த்துக் காயப்போட்டு இறங்கியபோது மணி ஆறு. வீட்டு டெலிபோன் அடித்தது. நான் எழும்ப, சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எடாதை. திருத்தம் வாசிக்க எங்களிட்ட இப்ப மெசின் இல்லை."

அது அடித்து ஓய்ந்த பிறகுதான் அறிவித்தலை அனுப்பினேன். அதற்கு முன், "தொடர்புகளுக்கு" என்ற இடத்தில் இருந்த வீட்டு இலக்கத்தைச் சித்தி வெட்டச் சொன்னார்.