ஆணியில் தொங்கும் கயிறுகள்

லூமுட் நகருக்குப் போகிற வழியில், பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்துகிறேன். பின்னால் பெரிய குட்டை, என்றைக்கோ ஈயம் தோண்டிய பள்ளம். மழை ஏமாற்றியதில் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கி, கரையெல்லாம் வெள்ளை மணலாகக் கிடக்கிறது.

கடைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண்ணெய் அழுக்கேறிய ஒரு கயிறு.

"பம்பு இஞ்சினை ஸ்டார்ட் பண்ண சுத்தி இழுக்கிற கயிறு," என்கிறார் கடைக்கார மேரி அக்கா. "குட்டையைச் சுத்தி காய்கறி போட்டவங்க எல்லாரும் வாரத்துல பாதி நாள் தண்ணி இறைக்கிறது இல்லன்னு பேசி வச்சிருக்கோம். இன்னைக்கு மாதிரி அந்த நாள்ல கயிறு இங்கதான் தொங்கணும். குட்டை ஊறணும்லா."

"வேற கயிறு வச்சு இழுத்தா?"

"செய்ய மாட்டாங்க தம்பி."

சொல்லிவிட்டு குவளையைத் துடைக்கிறார். கண் மட்டும் அக்கரையிலேயே இருக்கிறது. கடைக்குப் பக்கத்தில் அவருடைய மிளகாய்ச் செடிகள் இலை தொங்கி நிற்கின்றன.

அக்கரையில் ஒரு இஞ்சின் இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்குகிறது. அக்கா சட்டென்று சுவரைப் பார்க்கிறார். ஒரு ஆணிகூடக் காலியாக இல்லை.

"வெளியாள் யாராச்சும் இருக்குமோ?" என்கிறேன். கொஞ்ச நேரத்தில் வேறொரு பக்கம் இரண்டாவது இஞ்சின் கேட்கிறது.

அக்கா சுவரோரம் போய் நிற்கிறார். தன் கயிற்றைத் தொடுகிறார், விடுகிறார், மறுபடி தொடுகிறார்.

"கடையைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா தம்பி?" என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். கயிறு அவர் கையில் இருக்கிறது.