மச்சானின் காண்டஸாவும் பச்சை வயரும்

இன்று காலை எதிர்வீட்டு போர் மோட்டார் கருகிவிட்டது. அந்த வாசம் தெருவைத் தாண்டி, மாடிப்படி ஏறி, நேராக என் இட்லித் தட்டுக்கு வந்து சேர்ந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். "நான் எதையுந் தொடலை" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். தலை நரைத்த ஒரு மனிதன் சட்னிக் கையோடு சரணடைவதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வயர் கருகும் வாசம் வந்தால் முதல் சந்தேகம் என் மேல்தான். காரணம், மச்சானின் கார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ரங்கசாமி. உறவாவதற்கு முன்பே நாங்கள் ஒரே நிட்டிங் கம்பெனியில் வேலை செய்தவர்கள். பனியன் துணி பின்னும் வட்ட மிஷின்கள் வரிசையாக ஓடும். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த ஒரு வாசம் உண்டு. சோற்றில்கூட அது வரும். சத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கைப்பாஷை இருந்தது. விரலைச் சொடக்கினால் நூல் அறுந்துவிட்டது. மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார். முதலாளிக்கு மீசையே கிடையாது. அவர் பார்த்தாலும் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த சைகை அது. இரண்டு முஷ்டிகளையும் குறுக்கே வைத்தால், மிஷினை நிறுத்து.

பிறகு மச்சான் சொந்தமாக மிஷின் போட்டார். நன்றாக ஓடிய நாட்களில் கருநீலக் காண்டஸா கார் ஒன்று வாங்கினார். ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் இருந்தது. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று முள் காட்டும் ஆர்பிஎம் மீட்டர். எங்களுக்கு அன்று அது அழகுக்கு வைத்த சாமான். என்ஜின் சத்தம்தான் காதிலேயே கேட்கிறதே, அதை எதற்குக் கண்ணால் வேறு பார்க்க வேண்டும்?

காலம் போகப் போக மச்சானுக்குக் காது மந்தமாகி, கடைசியில் கிட்டத்தட்டக் கேட்காமலே போய்விட்டது. அதற்குள் அவருடைய கம்பெனியும் போய்விட்டது. மிஷின்களைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்ட அன்று அவர் சொன்னார்: "கம்பெனிய மூடிட்டனுங்க மாப்ள. ஆனா காதுக்குள்ள மட்டும் இன்னும் மூணு ஷிப்டு ஓடீட்டிருக்குது." வாங்கிக் கொடுத்த காது மிஷின் சட்டைப் பையில் கிடந்தது. ஆனால் காரை விடவில்லை. முள்ளைப் பார்த்துக் கியர் மாற்றப் பழகிக்கொண்டார். முள் ஏறினால் மேல் கியர், இறங்கினால் கீழ்க் கியர். அழகுக்கு இருந்த சாமான் அவருக்குக் காதாக ஆகிவிட்டது.

போன கார்த்திகையில் அந்த முள் செத்துப் போனது. மச்சான் திருமுருகன்பூண்டி வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போய், என்ஜின் கொதித்து, சிலை செதுக்கும் பட்டறை ஒன்றின் முன்னால் புகையோடு நின்றிருக்கிறார். அவர் மகள் கவிதா என்னைக் கூப்பிட்டாள். "மாமா, புது மீட்டர் வேலை செஞ்சாத்தான் அப்பாகிட்ட சாவி. இல்லீன்னா இந்த வண்டிய வித்துப்போடுவனுங்க, சொல்லீட்டேன்."

ஆட்டோ எலக்ட்ரீசியன் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "மூணு பேஸ் மிஷினுக்கே வயர் இழுத்த கை இது, கண்ணு. மீட்டரெல்லாம் ஒரு வேலையா?"

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்கள் இரண்டும் சீட்டுக்கு மேலே வானத்தைப் பார்க்க, நான் கிடந்த கோலத்தை உங்களுக்கு விவரிக்க மாட்டேன். என் வேட்டியின் மானம் என்று ஒன்று இருக்கிறது. புது மீட்டரிலிருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு வயர்கள் தொங்கின. படம் போட்ட காகிதமும் இருந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கண்ணாடி எதற்கு? பச்சை என்றால் எர்த். எங்களோடு வேலை செய்த ஒருவர் எர்த் இல்லாத மிஷினில் கை வைத்து, ஷாக்கடித்து அப்படியே ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். அவர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் புது மிஷின் வந்து இறங்கினால் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்பே பச்சை வயரைக் கட்டிவிடுவோம். சாமிகூட அதற்கப்புறம்தான். அந்தப் பக்தியோடு பச்சையைக் காரின் பாடியில் இறுக்கிக் கட்டினேன். சிவப்பையும் வெள்ளையையும் அதனதன் இடத்தில் மாட்டி, மிச்சமிருந்த கறுப்பை முன்னால் இழுத்து, என்ஜினுக்குப் பொறி தரும் காயிலில் கொடுத்தேன். காரில் கறுப்புதான் எர்த், பச்சைதான் காயிலுக்குப் போக வேண்டியது என்று அந்தக் காகிதத்தில் பெரிய எழுத்திலேயே போட்டிருந்ததாம். பின்னால் கவிதா வாசித்துக் காட்டினாள். பியூஸ் ஒன்று போடச் சொல்லியும் இருந்ததாம்.

மச்சான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ஜின் பக்கம் நின்றேன். பானெட்டுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டி ஆட்டினேன். என்ஜின் ஓட ஆரம்பித்தது.

"முள்ளு ஏறுதுங்க மாப்ள!" என்று உள்ளேயிருந்து மச்சானின் குரல். அப்படி ஒரு சந்தோஷம். "அய்யோ, சும்மா ஜம்முனு ஏறுதுங்க!"

அதே நேரம் என் கண் முன்னால் கறுப்பு வயரின் தோல் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நாலு விரல் தள்ளிப் பெட்ரோல் டியூப்.

"மச்சான், ஆப் பண்ணுங்க!" என்று கத்தினேன். மச்சான் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மறுபடி கத்தினேன். இன்னும் மிதித்தார். தூக்கிய பானெட் எங்களுக்கு நடுவே சுவர் மாதிரி நின்றது. என்னையும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை அவருக்கு. நான் சாமி பெயர்களை எல்லாம் கூப்பிட்டேன். எனக்கு வழக்கமே இல்லாத சாமிகளைக்கூடக் கூப்பிட்டேன். கவிதா குடிக்கக் கொடுத்திருந்த மோர்ச் சொம்பு ஓரமாக இருந்தது. அதை எடுத்து என்ஜின் மேல் ஊற்றினேன். தாளித்த மோர். கருவேப்பிலையெல்லாம் போட்டது.

அப்புறம்தான் புத்தி வந்து பக்கவாட்டில் ஓடினேன். மச்சான் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஆடுவது கொண்டாட்டம் என்று நினைத்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, இரண்டு முஷ்டிகளையும் குறுக்கே வைத்தேன். அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை, அவர் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது. பானெட்டுக்குப் போய் அந்த வயரைப் பிய்த்துப் போட்டேன்.

மச்சான் இறங்கி வந்தார். உருகிய வயரைப் பார்த்தார். கருவேப்பிலையைப் பார்த்தார். நான் ஒரு நகைச்சுவை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கத்திக் கத்திக் குரல் போய், வெறும் காற்றுதான் வந்தது. அவர் திரும்பி வாசல் கேட்டைப் பார்த்தார்.

எதிர் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டிச் செக்கிங் செய்யும் பெண்கள் கத்தரிக்கோலோடு நின்றார்கள். அயர்ன் மாஸ்டர் நின்றார். தெருமுனை டீக்கடைக்காரர் வடிகட்டியோடு ஓடி வந்துகொண்டிருந்தார். கவிதா செருப்பில்லாமல் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

"எத்தன வாட்டி கூப்டீங்க மாப்ள?" என்று கேட்டார் மச்சான்.

ஒரு விரலைக் காட்டினேன். "ஒருக்காத்தானுங்க மச்சான்."

"டீக்கடை வரைக்கும் கேட்ருக்குது" என்றார்.

காருக்குள் கையை விட்டுச் சாவியை உருவி, கவிதாவின் கையில் வைத்தார். அவள் அழுதாள். "அப்பா, மாமா வயர மாத்திக் கட்டிப்போட்டாருங்க. உங்க மேல என்னங்கப்பா தப்பு? வேற மீட்டர் வாங்கிக்கலாமுங்க." விற்றுவிடுவேன் என்று மிரட்டிய அதே பெண். அவருக்கு அது கேட்கவில்லை. அவர் அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் வேறொரு மீட்டர் வாங்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, காகிதத்தை வாசித்து, பியூஸ் வைத்து, பச்சையைக் காயிலுக்கும் கறுப்பைப் பாடிக்கும் கொடுத்தேன். முள் அம்சமாக எழுந்து நின்றது. மச்சானைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். "நல்லா இருக்குதுங்க மாப்ள" என்றார். கதவைக்கூடத் திறக்கவில்லை. தை மாதம் பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். கார் நின்ற இடத்தை இப்போது வாடகைக்கு விட்டாயிற்று. வேஸ்ட் துணி மூட்டைகள் கூரை வரைக்கும் கிடக்கின்றன.

கார் போனால் போகட்டும். மச்சானுக்குக் கொமரலிங்கத்தில் ஆற்றோரமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. மாதம் ஒரு தடவை அந்தக் காண்டஸாவில் இரண்டு பேரும் போவோம். வீட்டில் அவர் வாயைத் திறப்பதில்லை. தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவருக்குத் தெரியாது, பேசினால் குழந்தைகள் திடுக்கிடுகின்றன, அதனால் விட்டுவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் பேசுவார். திடுக்கிட அங்கே நான்தானே இருக்கிறேன்? இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது; கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து கத்தினால் நான் சொல்வதும் விழும். நான் எதைச் சொன்னாலும் "இல்லீங்க மாப்ள" என்றுதான் ஆரம்பிப்பார். நூல் விலையா, மழையா, நான் போட்டிருக்கும் சட்டையா, எல்லாவற்றுக்கும் "இல்லீங்க மாப்ள." அப்புறம் தாராபுரம் வரைக்கும் விளக்கம். தாங்க முடியாமல் தூங்குவது போல நடித்திருக்கிறேன்.

போன வாரம் கவிதாவின் காரில் போனோம். பீகார்ப் பையன் ஓட்டினான். பின் சீட்டில் மச்சானின் இடது பக்கமாகவே பார்த்து உட்கார்ந்தேன். அவிநாசிபாளையம் தாண்டும் வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, அவர் காதுக்கு நேராக, "மச்சான், எம்மேல கோவமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி, இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"ஆமாங்க, ஆமாங்க" என்றார்.