ரயில் அறைச் சுவரில் ஒரு சூடு

1991ஆம் ஆண்டு மாரிகாலம், கடும் குளிர். தென்கிழக்கு லண்டனில், லூயிஷம் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கி நானும் கணவரும் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாக நிற்கும் நூறு வருடத்து வீடுகளில் அதுவும் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு செங்கல் சுவர்.

வீடு பார்க்க வந்த அன்று நான் குசினியில் அடுப்பு வைக்கும் இடத்தையும் பின்வளவுத் தோட்டத்தையும் பார்த்தேன். அவர் பேஸ்மென்டைப் பார்த்தார். கீழே ஒன்றும் இல்லை, முன்பு நிலக்கரி கொட்டி வைத்த இடம்தான் என்று வீடு காட்ட வந்தவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் படியிறங்கிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது சட்டைக் கையெல்லாம் கரி. ஆனால் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இந்த வீட்டைத்தான் வாங்கப்போகிறோம் என்று.

என் கணவருக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்கு வேலை. கூட வேலை செய்த ஒருவர் எப்போதோ ஒரு சனிக்கிழமை அவரைச் சின்னப் பொம்மை ரயில்கள் ஓடும் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம். அறையின் நான்கு சுவரையும் சுற்றி ஓடும் ஒரு பெரிய ரயில் பாதை, நடுவில் ஸ்டேஷன், பாலம், சுரங்கம் எல்லாம் வைத்து ஒன்று கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. லண்டனின் மறுபக்கம் செவன் கிங்ஸிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பேஸ்மென்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதை ரெண்டு ரூமாப் பிரிச்சு வாடகைக்கு விடலாமே" என்றார். இவர் காது கேளாதவர் மாதிரி இருந்துவிட்டார்.

எனக்கு ரயிலில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. பொம்மை ரயில் ஓடுவதற்கு ஏன் மாதக்கணக்கில் அறையைத் தயார் செய்ய வேண்டும்? ஒரு மேசையில் தண்டவாளத்தைப் பூட்டினால் ஓடாதா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ரயில் பிரச்சினை இல்லையப்பா, அறைதான் பிரச்சினை" என்றார் அவர். "பலகை ஈரத்தை உறிஞ்சினால் ஊதும். பலகை ஊதினால் தண்டவாளம் நெளியும். நூலளவு நெளிஞ்சாலே பெட்டி கவிண்டு போகும். இந்த அறை முதலில காய வேணும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு நானும் கீழே இறங்கத் தொடங்கினேன். கரித்தூளை வாளி வாளியாக அள்ளினோம். உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டினோம். தெருவிலிருந்து கரி கொட்டுவதற்கு இருந்த வட்டத் துளையை அடைத்தோம். சுவர்களுக்கு ஈரம் தடுக்கும் பெயின்ட், நிலத்துக்குப் புதுச் சீமெந்து, கூரையில் ட்யூப் லைட். ரயில் பலகை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட என்னை நிறுத்திவைத்து, என் முழங்கை உயரத்துக்குச் சுவரில் சோக்கால் கோடு போட்டுத்தான் தீர்மானித்தார்.

சுவர் உண்மையிலேயே காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். சில நாள் கழித்துப் பார்த்தால், தாளின் வெளிப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. உள்பக்கம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எவ்வளவு எளிய சோதனை என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு ஒரு கடையில் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஷிப்ட். அதனால் தாள்களைப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. தேநீர்க் கோப்பையுடன் கீழே போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பேன்.

தை மாதக் கடைசியில் நல்ல குளிர். பனி கொட்டி ரோட்டெல்லாம் உறைந்து கிடந்தது. அப்படி ஒரு காலையில் கீழே போனபோது, பக்கத்து வீட்டுச் சுவரில், கூரைக்குக் கிட்ட ஒட்டியிருந்த தாள் மட்டும் நிலத்தில் விழுந்து கிடந்தது. திரும்ப ஒட்டலாம் என்று கதிரையில் ஏறினேன். டேப்பின் பசை இளகி, தொட்டால் நூல் நூலாக இழுபட்டது. அந்தக் குளிரில் பசை எப்படி இளகும்? சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. சற்றுமுன் தேநீர் குடித்து முடித்த கோப்பையைத் தொடுவது போல. ஒரு முழம் தள்ளித் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது.

பின்னேரம் அவரிடம் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் அவையின்ர நெருப்பு மூட்டுற கணப்பு இருக்கு. அந்தச் சூடுதான். நல்லதுதானே, எங்களுக்குச் சுவர் காயுது" என்றார்.

சரியான விளக்கம்தான். எங்கள் வீட்டுக் கணப்பை முன்பிருந்தவர்கள் அடைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இன்னும் கரி எரித்தார்கள். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் ஆறிய சாம்பலைக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் கொட்டுவதைக் குசினி யன்னலால் கண்டிருக்கிறேன். பிறகுதான் புதிதாக மூட்டுவார். அப்படியென்றால் காலையில் சுவர் குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்த நாள் காலை பார்த்தேன், சூடு குறையவில்லை. அதற்கு அடுத்த நாள் பார்த்தேன், இன்னும் கூடியிருந்தது. கையை முகர்ந்தேன். புதுப் பெயின்ட் மணத்துக்குள்ளே வேறொரு மணம். மரம் கருகும் மணம் போலவும் இருந்தது, நானே கற்பனை செய்வது போலவும் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஆங்கிலேயர். நாங்கள் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்கிறது என்று ஒருமுறை கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. கண்டால் தலையாட்டுவார். அவருக்கு ஒரு மனைவி இருக்கிறார் என்பது, கிழமைக்கொருமுறை ஒரு நர்ஸ் வந்துபோவதை வைத்து நாங்கள் ஊகித்ததுதான். அந்த அம்மாவை ஒருநாளும் கண்டதில்லை.

அவரிடம் போய் என்ன சொல்வது? உங்கள் பக்கத்துச் சுவர் சூடாக இருக்கிறது என்றா? ஆங்கிலத்தில் அந்த வசனத்தை மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் முறைப்பாடு மாதிரியே கேட்டது. குளிர்காலத்தில் ஒரு மனிதர் தன் வீட்டில் நெருப்பு மூட்டுவதற்கும் இவர்கள் குறை சொல்கிறார்களே என்று நினைக்க மாட்டாரா? அவர் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். சுவரை இன்னொரு தடவை தொட்டேன். பிறகு மறுபடியும் போய், யோசிக்க இடம் கொடுக்காமல் மணியை அழுத்தினேன்.

அவர் கதவைத் திறந்தார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நினைத்தபடியே முகத்தைச் சுளித்தார்.

"அம்மணி, உங்கள் சுவர் எங்களால் சூடாக வழியே இல்லை. பனியால் கரி லொறி வரவில்லை. இரண்டு நாளாக நாங்கள் நெருப்பே மூட்டவில்லை" என்றார்.

அப்படியென்றால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ தெரியாது, அவருடைய குரல் மாறிவிட்டது. எந்த இடம் என்று கேட்டார். காட்டுகிறேன், வாருங்கள் என்றேன். வீட்டுச் செருப்போடு பனியில் கால் வைத்து என் பின்னால் வந்தார். பேஸ்மென்டில் இறங்கியதும் அந்தச் சோக்குக் கோடுகளையும் பலகைகளையும் ஒரு கணம் விநோதமாகப் பார்த்தார். பிறகு நான் காட்டிய இடத்தில் கையை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"என் மனைவியின் கட்டில் இதற்கு நேர் மேலே இருக்கிறது" என்றார் மெல்ல. "அவளால் எழுந்து நடக்க முடியாது. இரண்டு நாளாகத் தலையிடி என்கிறாள்."

அவர் படியேறிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் எங்கள் போனில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் ஓடினேன். அந்த அம்மா மாடிப்படி ஏற முடியாதவர் என்பதால், கட்டிலைக் கீழ் அறையில் கணப்புக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு மின்சார ஹீட்டர். அறையில் கருகல் மணம் இருந்தது. அது ஹீட்டரில் தூசு எரியும் மணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். புகையோ நெருப்போ கண்ணுக்குத் தெரியவில்லை.

யன்னலைத் திறந்துவிட்டோம். அந்த அம்மாவைப் போர்வையோடு தூக்கிக் குசினிக் கதிரையில் இருத்தி, பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலும் நான் பின்னாலும் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுவந்தோம். பனியில் என் கால் வழுக்கியது. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள்தானா அந்தச் சத்தம் போடுகிற ஆட்கள்? அங்கே அப்படி என்னதான் செய்கிறீர்கள்? எனக்கு அறிய வேண்டும் போல இருந்தது" என்றார். அந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வி. ரயில் என்றேன். அவருக்கு விளங்கியிராது.

எங்கள் முன் அறையில் அவரைப் படுக்க வைத்தோம். தீயணைப்புப் படை வந்தது. கணப்பின் முன்னால் பதித்திருந்த கல்லை அவர்கள் பெயர்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கல்லில் வெடிப்பு. அதற்குக் கீழே, தரையைத் தாங்கும் மர உத்தரம் ஒன்று, தலைப்பக்கம் எங்கள் சுவருக்குள் சொருகியபடி, சுவாலை இல்லாமல் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருந்திருக்கிறது. கல்லைத் தூக்கிக் காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றியது. தயாராக நின்றபடியால் உடனே தண்ணீர் அடித்து அணைத்தார்கள். பிறகு எங்கள் பக்கம் வந்து, சுவரையும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு உடைத்து உள்ளே பார்த்தார்கள். அந்த உத்தரம் எந்த நேரமும் முறிந்து பற்றியிருக்கும், அதன் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுதான் தலையிடிக்குக் காரணம், பற்றியிருந்தால் இரண்டு வீடும் போயிருக்கும் என்று அவர்களுடைய அதிகாரி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மனைவி படுத்திருந்த அறைக்குப் போனார்.

என் கணவர் வேலையால் வந்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி. பேஸ்மென்டில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். மாதக்கணக்காகக் காயவைத்த சுவர் இடிந்து கிடந்தது. ரயிலுக்கு வெட்டி வைத்திருந்த பலகைகள் மிதந்தன. நான் பயந்துபோய் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கினார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லைதானே?" என்று கேட்டார்.

"ஓம், இல்லை. அந்த அம்மாவை அம்புலன்ஸ் ஆக்கள் வந்து பாத்தவை. தலையிடி மாறியிட்டுதாம். எங்கட முன் அறையிலதான் படுத்திருக்கிறா."

"அப்ப சரி" என்றார். பிறகு இடிந்த சுவரைப் பார்த்து, "நல்லதுதானே எண்டு சொன்னனான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர்களுடைய தரையைச் சரிபண்ணும் வரை இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். அந்த அம்மா பேசத் தொடங்கினால் ஓயமாட்டார். சோற்றில் ஏன் மஞ்சள் போடவில்லை, பருப்பில் ஏன் போட்டேன், நான் சேலையை ஊசி குத்தாமல் எப்படி நிற்க வைக்கிறேன் என்று கேள்வி கேட்டபடியே இருப்பார். மாதக்கணக்காக அந்தக் கட்டிலில் படுத்தபடி, கீழே இருந்து வந்த சுரண்டல் சத்தம், தட்டும் சத்தம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, நாங்கள் என்ன செய்கிறோம் என்று கணவரோடு பந்தயம் கட்டியிருக்கிறார். சாராயம் வடிக்கிறோம் என்பது அந்த அம்மாவின் ஊகமாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ரயில் அறையை மறுபடி தொடக்கத்திலிருந்து காயவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாரிகாலம் வருவதற்குள் பாதை ஓடத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரு கதிரையில் இருந்துகொண்டு சிக்னல் மாற்றுவார். ஆனால் அந்த அம்மாவால் கீழே இறங்க ஏலாது. என் கணவர் யோசித்து யோசித்து, கட்டிலுக்குக் குறுக்கே வைக்கக்கூடிய ஒரு பலகையில் சின்ன வட்டமாகத் தண்டவாளம் பூட்டிக் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மா எஞ்சினைக் கையில் எடுத்துப் புரட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் கேட்டது இது எதனால் ஓடுகிறது என்றுதான். என் கணவர் பதில் சொல்லத் தொடங்கினார். நான் தேநீர் போட்டு வரும்வரைக்கும் அந்தப் பதில் முடியவில்லை.

மற்றவர்களைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கேட்காமல் விழுங்கிவிடுவதுதான் மரியாதை என்று பழகி வளர்ந்தவள் நான். ஆனால் அன்று அந்த வாசலில் இருந்து முதல் தடவை திரும்பி வந்ததோடு நான் விட்டிருந்தால், பிறகு பல வருடம் ஒவ்வொரு காலையும் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருத்தியின் முகத்தையே நான் கண்டிருக்க மாட்டேன் என்பதை நினைக்கும்போது, என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடுவோம் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.