சுவர்ப் பக்கம் கேட்ட பல் கடிக்கும் சத்தம்

நீங்கள் நம்பினாலும் சரி, கேட்டு முடித்ததும் சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். மும்பையில், சயான் பக்கம் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் கடையில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். தாராவியில் எங்கள் ஆட்கள் கோயில் கொடை நடத்தி, சாமி வந்து ஆடும்போதுகூட ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. அதில் முக்கியமான பாதி பட்டப்பகலில் நடந்தது.

தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. செல்வராணியைச் சொந்தத்தில் யாரோ சொல்லித்தான் பார்த்தேன். அவளுடைய முதல் புருஷன் தங்கராஜ், டெம்போ ஓட்டியவன், மஞ்சள் காமாலையில் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பை தைக்கிற ஒரு கம்பெனியில் ஜிப் வைக்கும் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நறுக்கென்று இருக்கும். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். நான் இருந்தது வாடகை அறை. அவளுக்குத் தாராவியில் புதுக் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் சொந்தமாக ஓர் அறையும் சமையலறையும் இருந்தன. அதனால் நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனேன்.

அங்கேதான் வினை. அந்த மாடியில் எல்லோருக்கும் அது இன்னும் தங்கராஜ் வீடு. குழாயில் தண்ணீர் வராவிட்டால், "தங்கராஜ் இருந்தாம்னா இந்நேரம் மேல ஏறிப் பாத்திருப்பான்" என்பார்கள். பொங்கலுக்குத் தெருவில் வரிசையாகப் பானை வைக்கும்போது யார் முன்னால் நின்று எல்லாம் பார்ப்பது என்று பேச்சு வந்தால், அவன் பெயரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார்கள். என்னைப் பற்றிச் சொல்வதென்றால்கூட, "தங்கராஜ் வீட்டுல இப்ப இருக்காருல்லா, அவரு" என்பதுதான் என் அடையாளம். செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவது கேவலம்தான், தெரியும். உயிரோடு இருக்கிறவன் என்றால் ஒரு நாள் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். இவனிடம் எப்படிப் போடுவது?

கல்யாணமாகி ஒரு மழைக்காலம் போயிருக்கும், காலையில் எழுந்தால் தாடை பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வடாபாவைக் கடிக்க வாயைத் திறந்தால் காதுக்குக் கீழே ஏதோ டக்கென்று இழுக்கும். நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். காதில்தான் கோளாறு என்று நினைத்துச் சொட்டு மருந்தெல்லாம் விட்டுப் பார்த்தேன். ஒரு நாள் டீ குடிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செல்வராணி சாதாரணமாகச் சொன்னாள்.

"காதுல ஒண்ணுமில்ல. நீங்க தூக்கத்துல பல்லக் கடிக்கிய."

"நானா?"

"நறநறன்னு. கல்லு அரைக்கிற மாதிரி. பயப்படாதிய, அவியளும் இப்பிடித்தான் கடிப்பாவ."

அவியள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் 'அவியள்' ஒருவன்தான். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், காதுக்குக் கீழே எலும்பு கூடுகிற இடத்தில் பெருவிரலை வைத்து மெதுவாக வட்டம் சுற்றினால் இறுக்கம் விட்டுவிடுமாம், தங்கராஜுக்குத் தினமும் அப்படித்தான் செய்வாளாம்.

"உங்களுக்கும் ராத்திரி அமுக்கித்தான் விடுதேன். தெரியலியா?"

தெரியவில்லை. தூக்கத்தில் என் முகத்தில் ஒரு கை படிந்து, வலியைத் தடவி எடுத்திருக்கிறது. அந்தக் கை இன்னொருவன் முகத்தில் பழகிய கை. அன்று கடைக்குப் போய் ஒரு சாமானும் சரியாக எடுத்துக் கொடுக்கவில்லை. என் வியாதிகூட எனக்குச் சொந்தமில்லை, அவன் அனுபவித்துவிட்டுப் போன பழசு என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

சயானில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். மராத்திக்கார அம்மா. வாயைத் திறக்கச் சொல்லி, பல் நுனியெல்லாம் தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தியபோது நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன், அந்தத் தசை கட்டை போல இறுகியிருந்தது. "அந்தர் ஹி அந்தர் க்யா சபா ரஹே ஹோ?" என்று கேட்டார். உள்ளுக்குள்ளேயே எதை மென்றுகொண்டிருக்கிறாய் என்று. சும்மா கேட்டதுதான், எனக்கு முகம் சூடாகிவிட்டது. அச்செடுத்து, மேல் பல்லில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார். படுக்கும்போது மாட்ட வேண்டும். இது கடிப்பதை நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்காதே, பல்லைக் காப்பாற்றும், அவ்வளவுதான் என்றார். வெந்நீர்த் துணி ஒத்தடம், சாயங்காலத்துக்கு மேல் டீ கூடாது, பாக்கு கூடாது, பகலில் உதடு மூடியிருந்தாலும் பல்லும் பல்லும் தொடக்கூடாது, இப்படி ஏகப்பட்டது.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். வைத்தியத்துக்காக என்பதைவிட, இனி அவள் கை எனக்கு வேண்டாம் என்ற வீம்பு. உறை போட்ட பிறகு சத்தமும் இல்லை, காலையில் வாயும் நன்றாகத் திறந்தது. சண்டையில் ஜெயித்த மாதிரி இருந்தது.

நாங்கள் படுப்பது தரையில் மெத்தை போட்டு. கதவுப் பக்கம் நான், நடுவில் அவள், அவளுக்கு அந்தப் பக்கம் சுவர். சுவரை ஒட்டிப் படுக்கமாட்டாள், ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டுத்தான் படுப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "செவுரு ஓதமடிக்கி" என்றாள், ஈரம் கசிகிறதாம். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு ராத்திரி பல் கடிக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். நறநறவென்று, அவள் சொன்னாளே, அதே மாதிரி கல் அரைக்கிற சத்தம். நான்தான் மறுபடியும் கடிக்கிறேன் என்று நினைத்து நாக்கால் தடவிப் பார்த்தேன், உறை இருந்தது, தாடை தளர்ந்து கிடந்தது, பல்லும் பல்லும் தொடவே இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. சுவர்ப் பக்கமிருந்து வந்தது. எலி என்று சொல்வீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் கடிக்கிறான் என்பீர்கள். அந்தச் சுவருக்கு அப்பால் வீடு இல்லை, கட்டடத்தின் வெளிச்சுவர் அது, ஐந்தாம் மாடி, அதற்கப்புறம் வெறும் ஆகாயம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். செல்வராணி நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவள் கை அந்தக் காலி இடத்தின் மேல் நீண்டு, ஒரு முகத்தை ஏந்துகிற மாதிரி வளைந்திருந்தது. பெருவிரல் மட்டும் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. "விடுங்க... விட்டுருங்க" என்று முனகினாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, நின்றது.

பயந்து அலறினேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாயிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. வீம்பு பிடித்து அந்தக் கையை வேண்டாம் என்று ஒதுக்கினேன், அது அவனிடமே திரும்பிப் போய்விட்டது.

காலையில் கேட்டதற்கு அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அன்றிரவு நான் சுவர்ப் பக்கம் போய்ப் படுத்தேன்.

"அங்ஙன படுக்காதிய."

"ஏன்?"

"ஓதம்னு சொன்னம்லா."

"எனக்கு ஓதம் ஒண்ணும் பண்ணாது."

அவள் விளக்கை அணைத்தாள். நான் உறையைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன். மறுபடி கடிக்க வேண்டும், அவள் கை என்னிடம் வர வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. கடிப்பது திரும்பி வந்தது. கை வரவில்லை. கம்பெனியில் அப்போது ஆர்டர் நெருக்கடி, அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். நாளுக்கு நாள் தாடை இறுகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பூன் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. கஞ்சியைக்கூட உறிஞ்சித்தான் குடித்தேன்.

மத்தியானம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. மழை இருட்டிக்கொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கண்ணை மட்டும் மூடியிருந்தேன்.

அப்போது ஒரு கை என் கன்னத்தில் வந்து படிந்தது. காதுக்குக் கீழே, வலி குடியிருக்கிற சரியான இடத்தில், பெருவிரல் மெதுவாக வட்டம் போட்டது. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு வட்டம், இன்னொரு வட்டம், அவசரமே இல்லை. இறுகிக் கிடந்த தாடை நெகிழ்ந்து, வாய் தானாகத் திறந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அந்தப் பெருவிரல் எவ்வளவு தடிமன், உள்ளங்கை எவ்வளவு காய்த்துப்போயிருக்கிறது என்பது உறைத்தது.

"ராணி" என்றேன்.

"இந்தா வாரேன், தூத்தல் விழுதுல்லா" என்று பதில் வந்தது, கால்மாட்டுக்கு அப்பால், தூரத்தில், ஜன்னல் பக்கமிருந்து.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திறந்து உருட்டிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த துணிகளை அவள் உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணி. என் கன்னத்தில் அந்தக் கை இன்னும் இருந்தது. பிறகு அது எழுந்தது. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்று கையை எடுப்போமே, அப்படி, விரல் விரலாக.

துணியைப் போட்டுவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள். "வலி எப்பிடி இருக்கு?" என்றாள். நான் வாயை அகலத் திறந்து காட்டினேன்.

"அட, விட்டுட்டே!" என்று சிரித்தாள்.

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? பல நாள் கழித்து, பேச்சோடு பேச்சாக, அந்த வட்டம் போடுகிற இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன். "அவியதான் சொல்லித் தந்தாவ. டெம்போ ஓட்டிக்கிட்டிருக்கும்போதே ஒத்தக் கையால தானே அமுக்கிக்கிடுவாவ. பெறகு என் கையப் பிடிச்சி வச்சி, இங்ஙன அமுக்குன்னாவ" என்றாள். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள்.

அதன் பிறகு எனக்குத் தாடை வலி இல்லை. டாக்டரம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் மாலிஷ் செய்தது, நல்ல கை என்றார். வீட்டில்தான் என்றேன். சுவர்ப் பக்கம் சத்தமும் கேட்கவில்லை. மனசைத் தேற்றிக்கொண்டேன். வலி தெரிந்த ஒருத்தன் வலிக்கிறவனுக்கு உதவினான், வாங்கிக்கொண்டு போவோம் என்று.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். போன மாதம் விக்ரோலியில் தங்கை வீட்டில் விசேஷம். செல்வராணிக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போய் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் ரயில் பிடித்து வந்தேன். என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். அவள் அப்போதுதான் கண் விழித்து, மெத்தையில் உட்கார்ந்து முடியை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

"ராத்திரி எப்ப வந்திய? கதவு சத்தமே கேக்கல" என்றாள். "வேல டென்ஷன்ல ரெண்டு நாளா எனக்குத்தான் தாடை இறுகிக் கெடந்துச்சு. உங்ககிட்ட சொல்லவே இல்ல, எப்பிடித்தான் கண்டுபிடிச்சி அமுக்கி விட்டியளோ. அசந்து தூங்கிட்டேன்."

ஒரு நாள்கூட நான் அவள் தாடையைத் தொட்டு அமுக்கிவிட்டதில்லை.

"லேட்டாயிட்டு" என்றேன். குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு, "உங்க கை நல்லாப் பழகிட்டு" என்றாள்.