முதுகில் இருந்த கறுப்புக் கட்டி

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்தேன். ஐந்தில் ஒன்றுக்குக்கூட டாக்டர் சொன்னதைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் இல்லை.

இடது தோள்பட்டைக்குப் பின்னால் எனக்கு ஒரு கறுப்புக் கட்டி. புளியங்கொட்டை அளவில் தொடங்கி, பல வருஷத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. வலி கிடையாது. மச்சம் என்று நானே பெயர் வைத்து, ரவிக்கைக் கழுத்தை ஏற்றித் தைத்து மூடிக்கொண்டேன். துணி உரசிப் புண்ணான பிறகுதான் மூத்த மகன் எறணாகுளத்துக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்து, "மெலனோமா" என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுவில் வரும் புற்றுநோயாம், வேகமாகப் பரவுமாம். ஒரு துண்டு வெட்டி, கூடவே சீட்டில் அந்தப் பெயரையும் எழுதிச் சோதனைக்கு அனுப்பினார். சில நாளில் அதே பெயர் திரும்பி வந்தது. வராமல் என்ன செய்யும்? கட்டியோடு, நோய் போய்த் தங்கும் கக்கத்து முடிச்சுகளையும் எடுக்க வேண்டும், அப்புறம் கை வீங்கலாம், முன்போல் பாரம் தூக்க முடியாது என்றார்.

"ஆபரேஷனுக்கு ஒப்புப் போட்டுடலாம்மா. பெரிய டாக்டராக்கும்," என்றான் மகன்.

நான் கொச்சங்காடிக் கிடங்கில் முப்பது வருஷம் சுக்கு பொறுக்கியவள். சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் காயவைத்த சுக்கு வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. பூச்சி அரித்ததும் நல்லதும் பார்வைக்கு ஒன்றுதான். சந்தேகம் வந்தால் ஒடித்து, உள்ளே பார்த்துத்தான் கூடையில் போடுவோம். மூட்டைமேல் எழுதியிருப்பதை நம்பிப் பிரிப்பவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

"ஒடிச்சுப் பாத்தாராடா?" என்று கேட்டேன்.

"எதம்மா?"

"கறுப்பா இருக்குன்னு சொன்னாரா, உள்ள என்னன்னு பாத்துச் சொன்னாரா? அது தெரியாம என் கைய விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு, மெழுகில் பதித்து வைத்திருந்த அந்தத் துண்டை வாங்கி வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே சோதித்தவள் சின்னப் பெண். முடிவு கேட்க நானும் போனேன். ஒரு சாயம் போதாதென்று பல சாயம் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அம்மே, மெலனோமான்னா பிடிக்க வேண்டிய சாயம் இதில பிடிக்கல்லை. வேறொண்ணுதான் பிடிச்சிருக்கு. இது தோலோட நாருல வளர்ற சார்கோமா, இதுவும் கான்சர்தான். அபூர்வம். நடுவில கறுப்பு அணு கலந்து கிடக்கறதால ஆளை ஏமாத்தும்."

"பரவாதா?"

"தூரமாப் போறது குறைவு. ஆனா வேர் விடும், சுத்திலும் அகலமா வெட்டணும். கக்கத்தைத் தொடண்டா, அது வேண்டாம்."

அப்படியே வெட்டினார்கள். தொடைத் தோலை எடுத்து முதுகில் ஒட்டினார்கள். கை எனக்கு மிஞ்சியது. இன்று காலையும் அதே கையால்தான் தண்ணீர்க் குடம் இறக்கினேன்.

மகன் போய்ச் சொன்னதற்குப் பழைய டாக்டர், "அது அபூர்வமாச்சே" என்றாராம். அபூர்வம் என்றால் பார்க்க வேண்டாம் என்று படித்துவிட்டு வந்தாரோ என்னவோ. ஊரான் சுக்கையெல்லாம் ஒடித்துப் பார்த்துவிட்டு, சொந்த முதுகைத் துணியால் மூடித் தைத்தவள் நான். அவரை ஏசும்போது என்னையும் சேர்த்துத்தான் ஏசுகிறேன்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். மலையாளம் ஓடுகிற மாதிரி அவளுக்குத் தமிழ் ஓடாது.

"மோளே, முதல்ல இருந்து வாசி. ரெண்டு நோய் பேரையும் இடம் மாத்திப் போட்டிருந்தா இப்பவே சொல்லு."